புதிய லென்ஸில் படம் தெளிவில்லையா? குறை எங்கே என்று கண்டறியும் முறை

புதிதாக வாங்கிய லென்ஸைக் கமராவில் பூட்டி எடுத்த முதற் படங்கள் நினைத்த தெளிவோடு வராவிட்டால், லென்ஸ்தான் பழுது என்ற முடிவுக்குப் பலர் உடனே வந்துவிடுகின்றனர். வன்னியில் இருந்துகொண்டு அப்படி முடிவெடுப்பது செலவான காரியம். பெரிய கமரா நிறுவனங்களின் முகவர்களும், லென்ஸைத் திறந்து திருத்தக்கூடியவர்களும் பெரும்பாலும் கொழும்பிலேயே இருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். கூரியரில் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, "குறை எதுவும் இல்லை" என்ற துண்டோடு லென்ஸ் திரும்பி வந்தால், அனுப்பிய செலவும் கைவிட்டுப் போன வேலைகளும் வாங்கியவர் தலையிலேயே விழும். இதற்கு நேரெதிராகவும் நடப்பதுண்டு. உண்மையிலேயே குறையுள்ள லென்ஸை வைத்துக்கொண்டு, தன் கையையே குறை சொல்லி மாதங்களைக் கடத்திவிட்டு, கடைக்காரர் மாற்றித் தரும் காலம் முடிந்த பின்னர் உண்மையை அறிகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே லென்ஸ் கைக்கு வந்த முதற் கிழமையிலேயே அதை ஒழுங்காகச் சோதித்துவிட வேண்டும். படத்தின் தெளிவு கெடுவதற்குக் காரணமாகக்கூடியவை பல: நீங்கள் படத்தைப் பார்க்கும் முறை, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் காற்று, கமராவைப் பிடித்திருக்கும் கை, போகஸ் விழுந்த இடம், இவை எல்லாவற்றுக்கும் பிறகு லென்ஸின் கண்ணாடி. இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சந்தேகித்து விலக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியைக் கடைசியாகச் சந்தேகிப்பதற்குக் காரணம், அது அரிதாகவே குற்றவாளியாக இருப்பது மட்டுமன்று. மற்றவற்றை விலக்காமல் கண்ணாடியைச் சோதிக்கவே முடியாது என்பதும் ஆகும்.

படத்தை எங்கே, எப்படிப் பார்க்கிறீர்கள்

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கொண்டு லென்ஸை மதிப்பிடக் கூடாது. வட்ஸ்அப்பும் முகநூலும் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் வட்ஸ்அப்பில் மூலக் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். கமராவின் பின்புறத்துச் சிறிய திரையும் போதாது. படத்தைக் கணினிக்கு மாற்றி, 100 வீத அளவில் திறந்து பாருங்கள்.

அதே வேளையில், 100 வீதம் என்பது மிகக் கடுமையான அளவுகோல் என்பதையும் மனத்தில் இருத்த வேண்டும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உடையது. சாதாரணக் கணினித் திரையில் அதை முழு அளவில் விரித்தால் ஐந்தடிக்கு மேற்பட்ட அகலம் வரும். அவ்வளவு பெரிய அச்சுப் படத்தின் ஒரு மூலையை முகத்தருகே வைத்துப் பார்ப்பதையே நீங்கள் அப்போது செய்கிறீர்கள். 12 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட, அல்பத்தில் வைக்கும் படத்துக்கு 3600 பிக்சல் அகலமே போதும். எனவே 100 வீதத்தில் மட்டும் தெரியும் மெல்லிய மென்மை, வாடிக்கையாளரின் அல்பத்தில் தெரியவே போவதில்லை.

இன்னொன்று: சென்சார் பதிந்தபடியே கமரா சேமித்துவைக்கும் ரோ கோப்பைத் திறந்தால் அது ஜேபெக் படத்தைவிடச் சற்று மந்தமாகவே தெரியும். ஜேபெக் படத்துக்குக் கூர்மையூட்டும் வேலையைக் கமராவே செய்துவிடுகிறது. ரோ கோப்பில் அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனை 3200க்கோ 6400க்கோ உயர்த்தி எடுத்த ஜேபெக் படங்களில், புள்ளி இரைச்சலை அகற்றும் வசதி தலைமயிரையும் புடவைச் சரிகையையும் சேர்த்தே வழித்துவிடுவதுண்டு. அதற்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை.

முதலில் கழற்ற வேண்டியது

லென்ஸோடு சேர்த்துக் கடையில் தந்த யூவி பில்ட்டரைக் கழற்றிவிட்டு மறுபடியும் எடுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கண்ணாடிக்கு முன்னால் சில நூறு ரூபாய்க் கண்ணாடியைப் பூட்டிவிட்டு, படத்தில் தெளிவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை. மலிவான பில்ட்டரின் தீங்கு பகலைவிட இரவிலேயே நன்றாகத் தெரியும். கோயில் திருவிழாவின் மின்குமிழ் அலங்காரத்தை எடுக்கும்போது, ஒவ்வொரு குமிழின் பிம்பமும் படத்தின் மறுபக்கத்தில் மங்கிய புள்ளியாகத் தலைகீழாகத் தோன்றினால், அது பெரும்பாலும் பில்ட்டரின் வேலை. தொலைவிலுள்ளதை அருகாக்கும் நீண்ட லென்ஸ்களில் தரங்குறைந்த பில்ட்டர் கூர்மையையே நேரடியாகக் கெடுக்கும்.

பின்பு லென்ஸைக் கழற்றி, அதன் பின்பக்கக் கண்ணாடியை வெளிச்சத்திற் சாய்த்துப் பாருங்கள். முன்பக்கக் கண்ணாடியில் இரண்டு தூசிகள் இருந்தாலும் படத்தில் தெரியாது. பின்பக்கத்தில் ஒரு விரல் அடையாளம் பட்டால் படம் முழுவதும் பால் படர்ந்ததுபோல் வெளிறும். பித்தளை நிறத்து மின் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். லென்ஸ் பூட்டு "டிக்" என்ற ஒலியோடு முழுமையாக விழுகிறதா என்பதையும், பூட்டிய பின் மெல்ல அசைத்தால் தளர்கிறதா என்பதையும் கவனியுங்கள். சுழலும் திசையில் மிகச் சிறிய அசைவு இருப்பது வழமை. மேலும் கீழும் ஆடினால் அது குறை.

நம் காற்று

நீண்ட லென்ஸ் வாங்கிய வன்னி வாசிகளிடமிருந்து வரும் முறைப்பாடுகளில், காற்றின் வேலையாக இருப்பவையே அதிகம் என்று நான் கருதுகிறேன். வெளிநாட்டார் குளிர் நாடுகளில் எடுத்துக் காட்டும் மாதிரிப் படங்களைப் பார்த்து 70-300 லென்ஸையோ 150-600 லென்ஸையோ வாங்குகிறோம். வாங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில் நின்று, தண்ணீருக்கு அப்பால் நிற்கும் கூழைக்கடாவைக் குறிவைக்கிறோம். பறவையின் இறகுகள் ஒன்றோடொன்று கலந்து வந்துவிடுகின்றன. கை ஆடவில்லை, போகஸ் பிழைக்கவில்லை, ஷட்டர் வேகமும் போதுமானதாக இருக்கிறது. ஆயினும் படம் கலங்கல்.

சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழும்போது, அதனூடாக வரும் ஒளி கணத்துக்குக் கணம் வேறு வேறு பக்கம் வளைகிறது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியின் நேரான பகுதியில் மத்தியானம் நின்று பார்த்தால், தொலைவில் வரும் பேருந்தின் கீழ்ப்பாதி நெளிவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். வெறுங்கண்ணுக்கே அவ்வளவு நெளிவு தெரியும்போது, 400 மி.மீ. லென்ஸ் அதைப் பலமடங்கு பெருப்பித்தே காட்டும். தார் வீதி, கிரவல் வீதி, அறுவடை முடிந்த வயல், வற்றிய குளத்தின் வெடித்த தரை, தகரக் கூரை ஆகிய அனைத்தும் இந்தக் கானலை எழுப்பும். பங்குனி, சித்திரை மாதங்களிலும், சோளகம் வீசும் காலத்தின் வறண்ட நாட்களிலும் இது உச்சமாக இருக்கும்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, தொலைவிலுள்ள ஒரு மின்கம்பத்தையோ பனையின் தண்டையோ போகஸ் செய்து, போகஸைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படங்கள் எடுங்கள். கணினியில் அவற்றை வரிசையாக மாற்றி மாற்றிப் பாருங்கள். லென்ஸின் குறை என்றால் பத்துப் படங்களும் ஒரே விதமாக மந்தமாக இருக்கும். காற்றின் வேலை என்றால் ஒன்றில் கம்பம் இடப்பக்கம் நெளிந்திருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம் நெளிந்திருக்கும், சிலவேளை நடுவில் ஒரு படம் வியக்கத்தக்க தெளிவோடு வந்திருக்கும். அந்த ஒரு தெளிவான படமே உங்கள் லென்ஸ் நல்லது என்பதற்கான சாட்சி.

கானலுக்கு மருந்து லென்ஸில் இல்லை. சூரியன் எழுந்ததிலிருந்து தரை சூடேறும் வரையிலான முதல் ஒன்றரை, இரண்டு மணித்தியாலங்களில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளுக்குக் கிட்டப் போக வேண்டும். சுண்டிக்குளத்திலோ நந்திக்கடலோரத்திலோ பறவைகளை எடுப்பவர்கள் இருள் பிரியுமுன்னரே இடம் பிடிப்பது நல்ல வெளிச்சத்துக்காக மட்டும் அன்று. வாகனத்தின் உள்ளிருந்து எடுப்பவர்கள் இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியை முழுவதும் இறக்கி, உள்ளேயும் வெளியேயும் காற்றின் வெப்பம் சமப்படச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். குளிரூட்டிய வாகனத்தின் காற்று சாளரத்தால் வெளியேறும்போதும் இதே கலங்கல் உண்டாகும்.

குளிரூட்டிக்கு இன்னொரு தீமையும் உண்டு. குளிரூட்டிய மண்டபத்தில் இருந்த கமராவை மழைக்காலத்து ஈரக் காற்றுக்குள் சட்டென்று கொண்டுவந்தால், லென்ஸின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நீர்ப்படலம் படியும். படம் மென்மையாகவும் வெளிறியும் வரும். துடைத்தாலும் மீண்டும் படியும். பையை மூடியபடியே வெளியில் கொண்டுவந்து அரை மணித்தியாலம் விட்டுவைத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

கையும் ஷட்டரும்

லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அதன் மி.மீ. எண்ணை, கீழெண்ணாக வைத்து வரும் பின்னமே கையால் எடுப்பதற்கான குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்ற பழைய விதி இன்றும் பயனுள்ளது. ஆனால் நம்மில் பெரும்பாலானோரிடம் உள்ளவை ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சார் கொண்ட கமராக்கள் என்பதால், நிக்கோன், சோனி என்றால் 1.5ஆலும், கெனன் என்றால் 1.6ஆலும் அந்தக் கீழெண்ணைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300 மி.மீ. என்றால் ஏறத்தாழ 1/500 நொடி. அதிக பிக்சல்கள் உள்ள கமராவில் இன்னும் வேகமாக வைப்பதே நல்லது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தப் பயப்படத் தேவையில்லை. இரைச்சலோடு கூடிய தெளிவான படத்தைத் திருத்தலாம், ஆடிய படத்தைத் திருத்த முடியாது.

ஆட்டத்தையும் போகஸ் பிழையையும் பிரித்தறிவது எளிது. ஆடிய படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும்; குத்துவிளக்கின் சுடரொளி சிறு கோடாகத் தெரியும். போகஸ் பிழைத்த படத்தில் ஒன்று மங்கினாலும், அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருக்கும். ஆட்டத்தைத் தணிக்கும் வசதி லென்ஸில் இருந்தால், ட்ரைபொட்டில் பூட்டும்போது அதை நிறுத்திவிடுங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்தி, அந்த வசதி நிலைகொள்ள அரை நொடியாவது கொடுத்து, பின்னரே முழுவதும் அழுத்துங்கள்.

போகஸ் எங்கே விழுந்தது

முதன்முறையாகத் தனி லென்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையே வாங்குகின்றனர். (எஃப் எண் என்பது, அப்பச்சர் எனப்படும் ஒளித் துவாரத்தின் அளவு; எண் சிறிதானால் துவாரம் பெரிது.) அதுவரை 18-55 லென்ஸிலேயே பழகியவர்களுக்கு இது புதிய உலகம். ஒரு மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தை ஏபிஎஸ்-சி கமராவில் எஃப்/1.8இல் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 சென்ரிமீற்றர் மட்டுமே. கண்ணிமை தெளிவாக இருக்கக் காது மங்கிவிடும். அது ஒளியின் இயல்பு, லென்ஸின் குறை அன்று. போகஸ் செய்த பிறகு நீங்களோ எதிரில் இருப்பவரோ மூச்சோடு சற்று முன்னே சாய்ந்தாலே கண் போகஸுக்கு வெளியே போய்விடும். பூப்புனித நீராட்டு விழாவில் மணவறையைச் சுற்றி உறவினர் இரண்டு வரிசையாக நிற்கும் படத்தை எஃப்/1.8இல் எடுத்துவிட்டு, பின்வரிசை தெளிவில்லை என்று லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சென்றவர்கள் உண்டு. அந்தப் படத்துக்கு எஃப்/5.6 அல்லது எஃப்/8 வேண்டும்.

கமரா தானாகவே போகஸ் புள்ளியைத் தெரிவுசெய்யும் நிலையில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அந்நிலையில் கமரா பெரும்பாலும் தனக்குக் கிட்ட உள்ள பொருளையே பிடித்துக்கொள்ளும். மணமகளின் முகத்துக்குப் பதில் அவர் கையிலுள்ள பூச்செண்டு தெளிவாக வரும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, அதைக் கண்ணின்மேல் வைத்து எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், பின்வரும் சோதனையைச் செய்ய வேண்டும். பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் மட்டமாக ஒட்டி, லென்ஸின் குவியத் தூரத்தைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு தூரத்தில், அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை மீற்றரில், கமராவை ட்ரைபொட்டில் நிறுத்துங்கள். அப்பச்சரை முழுவதும் திறந்து, கண்பார்வைத் துவாரம் வழியாகத் தானியங்கி போகஸ் செய்து சில படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் போகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டு மீண்டும் போகஸ் செய்யவிட வேண்டும். அடுத்து, பின்திரையில் நேரடிக் காட்சியை இயக்கி, அதைப் பத்து மடங்கு பெருப்பித்து, எழுத்துகள் மிகத் தெளிவாகும் வரை வளையத்தைக் கையாலேயே திருப்பிப் போகஸ் செய்து, பொத்தானை அழுத்தி இரண்டு நொடி கழித்துக் கமரா தானாக எடுக்கும் சுயநேரத்தில் எடுங்கள்.

கையால் போகஸ் செய்த படம் தெளிவாகவும், தானாகப் போகஸ் செய்த படங்கள் மந்தமாகவும் இருந்தால், கண்ணாடியில் குறையில்லை. கமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் இடத்திலேயே பிழை. டிஎஸ்எல்ஆர் கமராவில் போகஸை அளப்பது படம் விழும் சென்சார் அன்று, கமராவின் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் ஆடிக்குக் கீழே இருக்கும் வேறொரு சென்சார். இரண்டுக்குமான ஒளிப்பாதையில் நுண்ணிய வித்தியாசம் இருந்தாலும் போகஸ் எப்போதும் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். அது எந்தப் பக்கம் என்று அறிய, பத்திரிகைத் தாளின் அருகில் ஓர் அடிமட்டத்தை உங்களை நோக்கிச் சாய்வாக வைத்து, எந்த இலக்கம் மிகத் தெளிவாக வருகிறது என்று பாருங்கள். கெனன் 80டி, நிக்கோன் டி7500 போன்ற கமராக்களில் இந்த விலகலைச் சரிசெய்யும் வசதி, 20 படி முன்னுக்கும் 20 படி பின்னுக்கும், பட்டியலிலேயே இருக்கிறது. கெனன் 1500டி, நிக்கோன் டி3500 போன்ற தொடக்கநிலைக் கமராக்களில் அது இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் நேரடிக் காட்சியில் போகஸ் செய்வதால் இந்தச் சிக்கலைத் தாண்டலாம். சிக்மா, டம்ரோன் நிறுவனங்கள் தம் லென்ஸ்கள் பலவற்றைக் கணினியோடு இணைத்துச் சரிசெய்யத் தனிக் கருவிகளை விற்கின்றன. அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் படம் விழும் சென்சாரிலேயே போகஸை அளப்பதால், அவற்றில் இவ்விதத் தொடர் விலகல் மிக அரிது.

கையால் போகஸ் செய்த படமும் தானியங்கிப் படங்களும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால்தான் கண்ணாடியைச் சந்தேகிக்கும் நேரம் வந்திருக்கிறது.

சுவர்ச் சோதனை

பூசாத சீமெந்துக் கல் சுவர் இதற்கு மிகப் பொருத்தமானது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கற்களின் சொரசொரப்பு மூலை வரை ஒரே சீராக இருப்பதால், படத்தின் எந்தப் பகுதி மந்தமாகிறது என்று உடனே தெரியும். சுவரில் நேர் வெயில் விழாத காலை நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

இந்தச் சோதனையின் உயிர், கமரா சுவருக்கு நேராக நிற்பதில் இருக்கிறது. சற்றுச் சாய்ந்து நின்றாலும் ஒரு பக்கம் போகஸை விட்டு விலகி, நல்ல லென்ஸையும் பழுதானதாகக் காட்டிவிடும். அதற்கு ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கண்ணாடியைச் சுவரோடு மட்டமாக, லென்ஸின் உயரத்தில் ஒட்டுங்கள். கமராவில் பார்த்தபடி ட்ரைபொட்டை நகர்த்தி, கண்ணாடிக்குள் தெரியும் உங்கள் லென்ஸின் பிம்பம் படச் சட்டத்தின் சரி நடுவில் வந்து நிற்கும் வரை திருத்திக்கொண்டே இருங்கள். நடுவில் வந்துவிட்டால் கமரா சுவருக்கு நேர். மட்டக்கோல் எதுவும் தேவையில்லை.

ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு நொடி சுயநேரம், ஆட்டத் தணிப்பு நிறுத்தம். நடுப்பகுதியைப் பெருப்பித்துப் போகஸ் செய்து, அப்பச்சரை முழுவதும் திறந்ததிலிருந்து எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11, எஃப்/16 என்று ஒவ்வொன்றாக எடுங்கள். ஸூம் லென்ஸ் என்றால் குறுகிய முனை, நடு, நீண்ட முனை மூன்றிலும் செய்ய வேண்டும்.

முழுவதும் திறந்த நிலையில் நடுப்பகுதி சற்று மென்மையாகவும் மூலைகள் இன்னும் மென்மையாகவும் இருப்பது பெரும்பாலான லென்ஸ்களின் இயல்பு. எஃப்/5.6, எஃப்/8 அளவில் எல்லாம் கூர்மையடைய வேண்டும். எஃப்/16இல் மீண்டும் மென்மையடையும். இதையும் குறையாகக் கருத வேண்டாம். சிறு துவாரத்தின் வழியே புகும் ஒளி பரவுவது இயற்கை விதி. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4 மைக்ரோமீற்றர். எஃப்/16இல் ஓர் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 21 மைக்ரோமீற்றர் வட்டமாகப் பரவிவிடுகிறது. அப்பச்சரை எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு தெளிவு என்று எண்ணி, குளத்தின் நிலக்காட்சிகளை எஃப்/22இலேயே எடுத்துவருபவர்கள் எஃப்/8இல் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் தேட வேண்டியது சமச்சீர் இன்மையை. எஃப்/8இல் மூன்று மூலைகள் தெளிவாக இருக்க ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், அல்லது வலப்பாதி தெளிவாக இருக்க இடப்பாதி முழுவதும் மந்தமாக இருந்தால், லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகி அமர்ந்திருக்கக் கூடும். உறுதிசெய்ய, கமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே சுவரைக் கண்ணாடியின் உதவியோடு மீண்டும் நேராக்கி எடுங்கள். படச் சட்டத்தின் அதே மூலை மீண்டும் கலங்கினால் குறை லென்ஸில் இருக்கிறது. சுவரின் அதே பகுதி கலங்கி, படத்தில் எதிர்மூலைக்கு மாறிவிட்டால் குறை நிறுத்திய விதத்தில் இருக்கிறது. நான்கு மூலைகளும் ஒரே அளவில் மென்மையாக இருந்து, ஒரு மூலையைப் பெருப்பித்துப் போகஸ் செய்யும்போது அது தெளிவடைந்தால், அந்த லென்ஸின் போகஸ் தளம் வளைந்தது என்று பொருள். அது வடிவமைப்பின் தன்மையே ஒழிய உங்கள் பிரதியின் பழுது அன்று.

மலிவான ஸூம் லென்ஸ்களில் மூலைக்கு மூலை மெல்லிய வேறுபாடு இருக்கவே செய்யும். தேடித் தேடிப் பார்த்தால்தான் தெரிகிற வேறுபாட்டுக்காக லென்ஸை மாற்றக் கேட்பதில் நான் நியாயம் காணவில்லை. அல்பத்துக்கு அச்சிடும் அளவில் தெரிந்தால் கேளுங்கள்.

இதே படவரிசையில் வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பச்சரை நீங்கள் தெரிவுசெய்ய, ஷட்டரைக் கமரா தெரிவுசெய்யும் நிலையில் எடுத்திருந்தால், எல்லாப் படங்களும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். சுருக்கச் சுருக்கப் படம் வெளிறிக்கொண்டே போனால், அப்பச்சர் இதழ்கள் சரியாக மூடவில்லை. அது ஐயத்துக்கு இடமில்லாத பழுது.

லென்ஸின்மேல் வீணாகச் சுமத்தப்படும் பழிகள்

வெளிறிய வானத்துக்கு எதிராகப் பனையோலையை எடுத்தால், ஓலையின் விளிம்பெங்கும் ஊதா நிறக் கோடு ஓடும். நிறங்கள் வெவ்வேறு இடங்களில் குவிவதால் வரும் இந்தக் கோடு விலைகூடிய லென்ஸ்களிலும் ஓரளவு உண்டு. ஒன்றிரண்டு படி அப்பச்சரைச் சுருக்கினால் குறையும். படத்தின் ஓரங்களில் மட்டும் வரும் கோட்டை, படம் திருத்தும் மென்பொருளிலுள்ள லென்ஸ் விவரம் (அந்தந்த லென்ஸுக்கான திருத்தத் தரவு) நீக்கிவிடும். அகன்ற லென்ஸில் குளத்தின் அலைகரை வளைந்து தெரிவதையும் அதே விவரம் நேராக்கும்.

புதிய லென்ஸில் முகங்கள் நீலமாகவோ பச்சையாகவோ வருகின்றன என்றால், மேலே பாருங்கள். நீலத் தறப்பாள் போட்ட பந்தலுக்குள் எந்த லென்ஸும் நீலத்தையே தரும்.

வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால், எஃப்/16இல் வெறும் வானத்தைப் போகஸ் இல்லாமல் எடுத்து, பழைய லென்ஸாலும் அவ்வாறே எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்தால், அவை சென்சாரில் ஒட்டிய தூசி. சோளகக் காற்றில் செம்மண் பறக்கும் வீதியோரத்தில் நின்று லென்ஸை மாற்றினால் அது தவிர்க்க முடியாதது; வாகனத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றப் பழகிக்கொள்ளுங்கள்.

காட்சிப் பெட்டியில் நெடுநாள் இருந்த லென்ஸை "புதியது" என்று விற்பதும் உண்டு. அப்பச்சரைத் திறந்து, பின்பக்கமாகச் சிறு டோர்ச் ஒளியைச் செலுத்தி, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்று கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். சிறு தூசிகளைப் பொருட்படுத்த வேண்டாம். பூஞ்சணத்தை ஒருபோதும் ஏற்க வேண்டாம்.

கடைக்காரரிடம் கொண்டுபோகும்போது

வாங்கும்போதே பற்றுச்சீட்டையும், தொடர் இலக்கம் எழுதிய உத்தரவாத அட்டையையும், பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் நிறுவன முகவருடையதா, கடையினுடையது மட்டுமா என்பதையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரின் உத்தரவாதம் இல்லாத இறக்குமதி லென்ஸ் விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் பழுது என்று வந்தால் கடைக்காரரின் நல்ல மனத்தையே நம்பியிருக்க வேண்டும்.

"படம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எந்தக் கடைக்காரரும் தட்டிக்கழிப்பார். சுவர்ச் சோதனையின் எஃப்/8 படம், தலைகீழாக எடுத்த படம், அதே இடத்திலிருந்து அதே அமைப்பில் வேறொரு லென்ஸால் எடுத்த படம் ஆகிய மூன்றையும் திருத்தாத ரோ கோப்புகளாக ஒரு மெமரி கார்ட்டில் கொண்டு செல்லுங்கள். எந்த மூலையில், எந்தக் குவியத் தூரத்தில் குறை தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதி லென்ஸோடு வையுங்கள். கூரியரில் அனுப்புவதானால் அந்தத் தாளை இன்னும் விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் திருத்துபவர் உங்களை நேரில் காணப் போவதில்லை. கடையிலேயே மாற்று லென்ஸ் தந்தால், வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டுவிட வேண்டாம். கடைக்கு வெளியே ஏதேனும் ஒரு சுவரை எஃப்/8இல் எடுத்து, நான்கு மூலைகளையும் கமராத் திரையில் பெருப்பித்துப் பார்த்துவிட்டே பேருந்து ஏறுங்கள். வீடு வந்த பின், முன்பு சோதித்த அதே சுவரில், அதே வெளிச்சத்தில், முழுச் சோதனையையும் மறுபடி செய்து, இரண்டு லென்ஸ்களின் படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.